கோ நிரல்மொழியில் டைமரும் தாமத அழைப்பும்: ஒரு முழுமையான வழிகாட்டி

பேருந்து முன்பதிவுத் தளத்தில் பயணி ஓர் இருக்கையைத் தேர்ந்தெடுத்ததும், அவர் பணம் செலுத்தி முடிக்கும் வரை அது 10 நிமிடங்களுக்கு அவர் பெயரில் நிறுத்திவைக்கப்படுகிறது. அதற்குள் பணம் வராவிட்டால் இருக்கை தானாகவே காலியாக வேண்டும். வந்துவிட்டால் அந்த விடுவிப்பு நடக்கவே கூடாது. கேட்பதற்கு ஒற்றை வரி நிரலாகத் தோன்றும் இந்தத் தேவைக்குள் தாமத அழைப்பு, அதை ரத்து செய்தல், ஒரே கணத்தில் நிகழும் இரு செயல்களின் மோதல், கடிகாரத்தின் நம்பகத்தன்மை, சர்வர் மறுதொடக்கம் ஆகிய எல்லாச் சிக்கல்களும் அடங்கியிருப்பதால், இந்த வழிகாட்டி முழுவதும் இதே எடுத்துக்காட்டைப் பின்தொடர்கிறது. டைமர் என்பது நேரமாகிவிட்டது என்று தெரிவிக்கும் ஒரு தகவல் மட்டுமே என்பதும், என்ன செய்வது என்ற முடிவை அந்தக் கணத்தில் இருக்கையின் நிலையைப் பார்த்தே எடுக்க வேண்டும் என்பதும்தான் இதில் நான் வலியுறுத்த விரும்புவது.

கோரூட்டின் (மற்றவற்றோடு ஒரே நேரத்தில் இயங்கும் இலகுவான செயல்), சேனல் (கோரூட்டின்கள் மதிப்புகளைப் பரிமாறும் குழாய்), மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு கோரூட்டினை மட்டும் அனுமதிக்கும் பூட்டு; கீழே லாக் என்பது இதுவே) ஆகியவற்றை வாசகர் ஓரளவு பயன்படுத்தியிருப்பார் என்று கொள்கிறேன். கோ 1.23 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருப்பது நல்லது. காரணம் ஆறாம் படியில் வருகிறது. ஃபங்ஷன்களின் பெயர்களை ஒலிப்படியே தமிழில் எழுதியுள்ளேன்.

முதல் படி: கால அளவைச் சரியாக எழுதுதல்

டைம் பேக்கேஜில் உள்ள டியூரேஷன் என்ற வகை, அடிப்படையில் நானோவினாடிகளை எண்ணும் 64 பிட் முழு எண். எனவே ஸ்லீப் ஃபங்ஷனுக்கு வெறும் 5 என்று கொடுத்தால் கம்பைலர் எதிர்ப்புக் காட்டாமல் ஏற்றுக்கொள்ளும்; ஆனால் நிரல் காத்திருப்பது 5 வினாடிகள் அல்ல, 5 நானோவினாடிகள். 5 பெருக்கல் டைம்.செகண்ட் என்று அலகோடு எழுதுவதே முறை. எண் ஒரு முழு எண் மாறியில் இருந்தால் அதை நேரடியாக டைம்.செகண்டால் பெருக்கக் கம்பைலர் அனுமதிக்காது; முதலில் டியூரேஷன் வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அமைப்புக் கோப்பிலிருந்து கால அளவைப் படிப்பதாக இருந்தால், அலகு இல்லாத எண்ணாக வைக்காமல், அலகோடு கூடிய சரமாக வைத்து பார்ஸ்டியூரேஷன் மூலம் படிப்பதே பாதுகாப்பானது. அந்த ஃபங்ஷனுக்குத் தெரிந்த மிகப் பெரிய அலகு மணி. நாள் என்ற அலகு வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது. கோடைகால நேரமாற்றம் உள்ள நாடுகளில் எல்லா நாட்களுக்கும் 24 மணி நேரம் இருப்பதில்லை.

இரண்டாம் படி: ஸ்லீப் போதுமான இடங்கள்

புதிய கோரூட்டின் ஒன்றைத் தொடங்கி, அதற்குள் 10 நிமிடம் ஸ்லீப் செய்து, பிறகு விடுவிக்கும் ஃபங்ஷனை அழைப்பது மிக எளிய வழி. ஸ்லீப் அந்த ஒரு கோரூட்டினை மட்டுமே நிறுத்துகிறது. இயங்குதளத்தின் த்ரெட் மற்ற வேலைகளைப் பார்க்கப் போய்விடும். இருந்தாலும் உறங்கிக்கொண்டிருக்கும் கோரூட்டினை வெளியிலிருந்து எழுப்பவோ ரத்து செய்யவோ வழி இல்லை என்பதால் நம் தேவைக்கு இது பொருந்தாது. தோல்வியடைந்த இணைப்பை இரண்டு வினாடி கழித்து மீண்டும் முயலும் சிறு கட்டளைவரிக் கருவிக்கு இது தாராளமாகப் போதும். மெயின் ஃபங்ஷன் முடிந்துவிட்டால் உறங்கும் கோரூட்டின்கள் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஆஃப்டர்ஃபங்க்

தாமத அழைப்புக்கென்றே உள்ளது ஆஃப்டர்ஃபங்க். கால அளவையும் ஒரு ஃபங்ஷனையும் பெற்றுக்கொண்டு, உடனே ஒரு டைமரைத் திருப்பித் தருகிறது. நேரம் வந்ததும் அந்த ஃபங்ஷன் தனியொரு கோரூட்டினில் இயங்குகிறது. காத்திருக்கும் காலம் முழுவதும் கோரூட்டின் எதுவும் இருப்பதில்லை. நிரலோடு சேர்ந்து இயங்கும் கோவின் ரன்டைம், டைமர்களை நேர வரிசைப்படி எடுப்பதற்காக வைத்திருக்கும் ஹீப்பில் ஒரு பதிவு மட்டுமே இருக்கும். ஒரு லட்சம் இருக்கைகளை ஒரே நேரத்தில் நிறுத்திவைத்தாலும் ஒரு லட்சம் சிறு பதிவுகள்தான் உண்டாகும். உறங்கும் கோரூட்டின்களாக வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 2 கிலோபைட் ஸ்டாக் வேண்டியிருந்திருக்கும்.

அந்த ஹீப்பின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொடக்க காலப் பதிப்புகளில் நிரல் முழுமைக்கும் ஒரே ஹீப், அதற்கு ஒரே லாக் என்று இருந்ததால், பல கோர்கள் உள்ள எந்திரங்களில் டைமர்களை அதிகமாகப் பயன்படுத்திய சர்வர்கள் அந்த ஒரு லாக்கின் முன் வரிசையில் நின்றன. 1.10 பதிப்பில் அது 64 ஹீப்களாகப் பிரிக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் வந்த 1.14 பதிப்பில், கோரூட்டின்களை இயக்கப் பகிர்ந்தளிக்கும் ஷெட்யூலரின் ஒவ்வொரு பிராசஸருக்கும் சொந்த ஹீப் தரப்பட்டு, டைமர்களைப் பார்க்கும் வேலையும் ஷெட்யூலரோடும், நெட்வொர்க் நிகழ்வுகளைக் கவனிக்கும் நெட்வொர்க் போலரோடும் இணைக்கப்பட்டது. எந்த ஏற்பாட்டிலும் டைமர் தரும் உறுதி ஒன்றுதான்: குறித்த நேரத்துக்கு முன்னதாக அடிக்காது. பின்னதாக அடிக்கலாம், எவ்வளவு பின்னதாக என்பது சர்வரின் சுமையைப் பொறுத்தது.

ஆஃப்டர்ஃபங்கைப் பயன்படுத்தும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். இரண்டாவது அளவுருவாக ஃபங்ஷனைத்தான் கொடுக்க வேண்டும், ஃபங்ஷனின் அழைப்பை அல்ல. விடுவிக்கும் ஃபங்ஷனுக்கு இருக்கை எண்ணைக் கொடுக்க வேண்டியிருந்தால், அந்த அழைப்பைப் பெயரில்லாத ஒரு ஃபங்ஷனுக்குள் சுற்றி வைக்க வேண்டும். இவ்வாறு உருவாகும் டைமரின் சேனல் வெற்று மதிப்பாகவே இருக்கும். அதிலிருந்து படிக்க முயலும் கோரூட்டின் ஒருபோதும் மீளாது. கடைசியாக, அந்த ஃபங்ஷனுக்குள் பேனிக் (நிரலையே நிறுத்தும் பிழை) ஏற்பட்டால், அது வேறு கோரூட்டினில் நிகழ்வதால், ஆஃப்டர்ஃபங்கை அழைத்த இடத்தில் அதைப் பிடிக்க எழுதிய ரிகவர் உதவாது. முழு சர்வரும் விழுந்துவிடும். ரிகவரை அந்த ஃபங்ஷனுக்கு உள்ளேயே எழுத வேண்டும்.

நான்காம் படி: ரத்து செய்தலும் அதன் மோதலும்

பணம் வந்ததும் டைமரின் ஸ்டாப்பை அழைத்தால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். பெரும்பாலான நாட்களில் அது சரியாகவே நடக்கும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

ஸ்டாப் அழைப்பு மெய் என்று திருப்பினால் டைமர் நிறுத்தப்பட்டது. ஃபங்ஷன் இனி இயங்காது. பொய் என்று திருப்பினால், டைமர் முன்பே நிறுத்தப்பட்டிருக்கிறது, அல்லது அது அடித்து ஃபங்ஷன் தன் கோரூட்டினில் தொடங்கப்பட்டுவிட்டது. இந்த இரண்டாவது நிலையில் ஃபங்ஷன் முடியும் வரை ஸ்டாப் காத்திருப்பதில்லை. இப்போது பத்தாவது நிமிடத்தின் விளிம்பை அருகில் சென்று பார்ப்போம். பணம் வந்த செய்தியைக் கையாளும் கோரூட்டின் இருக்கையின் லாக்கை எடுக்கிறது. அதற்கு ஒரு கணம் முன்பாக டைமர் அடித்துவிட்டது. விடுவிக்கும் ஃபங்ஷன் தொடங்கி, அதே லாக்குக்காகக் காத்து நிற்கிறது. கையாளும் கோரூட்டின் ஸ்டாப்பை அழைக்கிறது, திரும்பிய மதிப்பைப் பார்க்காமல் இருக்கையை விற்றதாகக் குறிக்கிறது, லாக்கை விடுகிறது. உடனே விடுவிக்கும் ஃபங்ஷன் லாக்கைப் பெற்று, விற்ற இருக்கையைக் காலி என்று மாற்றிவிடுகிறது. அடுத்த பயணி அதே இருக்கைக்குப் பணம் கட்டுகிறார். பேருந்தில் ஏறிய பிறகுதான் இருவருக்கும் விஷயம் தெரியவருகிறது.

இருக்கை இன்னும் நிறுத்திவைத்த நிலையில்தான் இருக்கிறதா என்று விடுவிக்கும் ஃபங்ஷன் லாக்குக்குள் சரிபார்த்தால் மேற்சொன்ன பிழை நீங்கும். ஆனால் அது மட்டும் போதாது. முதல் பயணி கடைசி நொடியில் தானே ரத்து செய்கிறார். அந்த இருக்கையை இரண்டாம் பயணி உடனே எடுக்கிறார். முதல் பயணிக்காகத் தொடங்கப்பட்ட விடுவிக்கும் ஃபங்ஷன் இப்போதுதான் லாக்கைப் பெறுகிறது. அது பார்க்கும் நிலை நிறுத்திவைப்புதான், ஆனால் வேறொருவருடையது. சரிபார்ப்பில் தேறி, இரண்டாம் பயணியின் இருக்கையைச் சில வினாடிகளிலேயே பறித்துவிடுகிறது.

எனவே ஒவ்வொரு நிறுத்திவைப்புக்கும் ஏறுவரிசையில் ஒரு டோக்கன் எண் வேண்டும். நிறுத்திவைக்கும் ஃபங்ஷனின் அமைப்பு இவ்வாறு இருக்கும்:

நிறுத்திவை(இருக்கை, பயணி):
— லாக்கை எடு
— நிலை காலியாக இல்லையென்றால் லாக்கை விட்டுப் பிழையோடு திரும்பு
— இருக்கையின் டோக்கனை 1 கூட்டு. அதை உள்மாறி ஒன்றில் நகலெடு
— நிலையை நிறுத்திவைப்பு என்று மாற்று. பயணியைப் பதிவு செய்
— 10 நிமிடம் கழித்து விடுவி(இருக்கை, நகலெடுத்த டோக்கன்) நிகழுமாறு ஆஃப்டர்ஃபங்கை அழைத்து, கிடைத்த டைமரை இருக்கையில் சேமி
— லாக்கை விடு

விடுவி(இருக்கை, டோக்கன்):
— லாக்கை எடு
— நிலை நிறுத்திவைப்பாக இல்லையென்றாலோ, இருக்கையின் டோக்கன் பெற்ற டோக்கனோடு பொருந்தவில்லையென்றாலோ, எதையும் தொடாமல் லாக்கை விட்டுத் திரும்பு
— நிலையைக் காலி என்று மாற்று
— லாக்கை விடு

டோக்கனை உள்மாறியில் நகலெடுப்பது இங்கே அலங்காரம் அல்ல. பெயரில்லாத ஃபங்ஷன் இருக்கையின் டோக்கன் புலத்தையே நேரடியாகச் சுட்டினால், அது இயங்கும் நேரத்தில் இருக்கும் புதிய மதிப்பைப் படித்து, எப்போதும் பொருந்துகிறது என்றே சொல்லும்.

பணம் வந்ததைக் கையாளும் ஃபங்ஷனும் இதே ஒழுங்கில் லாக்கை எடுத்து, டோக்கனைச் சரிபார்த்து, நிலையை விற்பனை என்று மாற்றி, அதன் பிறகு ஸ்டாப்பை அழைக்கிறது. இந்த அமைப்பில் ஸ்டாப் பொய் என்று திரும்பினாலும் கவலை இல்லை. தாமதமாக வரும் ஃபங்ஷன் நிலையைப் பார்த்து வெறுங்கையோடு போய்விடும். அப்படியானால் ஸ்டாப் எதற்கு என்று கேட்கலாம். தேவையற்ற டைமர் 10 நிமிடம் ஹீப்பில் கிடக்காமல் இருப்பதற்கு மட்டும்தான்; அதை நீக்கினாலும் நிரல் சரியாகவே இயங்க வேண்டும். ரத்து செய்யும் அமைப்பு எதையும் மதிப்பிட நான் பயன்படுத்தும் சோதனை இதுதான்.

லாக்கை வைத்துக்கொண்டே ஸ்டாப்பை அழைப்பதில் டெட்லாக், அதாவது ஒன்றுக்கொன்று காத்து இரண்டும் முடங்கும் ஆபத்து இல்லை, ஏனெனில் ஸ்டாப் ஃபங்ஷனுக்காகக் காத்திருப்பதில்லை. ஃபங்ஷன் முடிந்ததை உறுதி செய்தே ஆக வேண்டிய இடங்களில், அது முடிவில் மூடும் ஒரு சேனலுக்காகக் காத்திருக்கலாம். ஆனால் ஃபங்ஷனுக்கும் தேவைப்படும் லாக்கை வைத்துக்கொண்டு அப்படிக் காத்திருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: நேரத்தை நீட்டித்தல்

பயணி கூடுதலாக 5 நிமிடம் கேட்கிறார் என்று கொள்வோம். டைமரின் ரீசெட் இதற்காகவே உள்ளது. ஆனால் ஆஃப்டர்ஃபங்க் டைமரில், பழைய அழைப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அது முடியும் வரை ரீசெட்டும் காத்திருப்பதில்லை, பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இயங்கவும் கூடும். டோக்கனை ஒன்று கூட்டி, புதிய ஆஃப்டர்ஃபங்க் ஒன்றைத் தொடங்குவது இதைவிடத் தெளிவானது.

நீட்டிப்பு அடிக்கடி நிகழும் இடங்களில், அதாவது ஒவ்வொரு பாக்கெட் வரும்போதும் இணைப்பின் ஓய்வு நேரத்தைப் புதுப்பிப்பது போன்றவற்றில், ஒவ்வொரு முறையும் ஹீப்பைத் தொடுவது வீண். காலாவதி நேரத்தை ஒரு புலத்தில் மட்டும் மாற்றிக்கொண்டு, டைமர் அடிக்கும்போது அந்தப் புலத்தைப் பார்த்து, இன்னும் நேரம் இருந்தால் மீதிக் காலத்துக்கு மறுபடியும் டைமரை வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: சேனலும் செலக்டும்

ஃபங்ஷனை அழைப்பதற்குப் பதிலாக, நேரம் முடிவதையும் வேறொரு நிகழ்வையும் ஒரே இடத்தில் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தால், நியூடைமர் தரும் சேனலை, பல சேனல்களில் எது முதலில் தயாரானாலும் அதை எடுத்துக்கொள்ளும் செலக்டில் வைக்கலாம். டைம்.ஆஃப்டர் அதன் சுருக்க வடிவம். சேனலை மட்டும் தரும், டைமரைத் தராது.

பழைய கட்டுரைகளைப் படிப்போர் குழம்பும் இடம் இது. 1.23 பதிப்புக்கு முன்பு, டைம்.ஆஃப்டர் உருவாக்கிய டைமர் அடித்து முடியும் வரை நினைவகத்திலிருந்து நீங்காது. ஒரு சுழலுக்குள் ஒவ்வொரு செய்திக்கும் 10 நிமிட டைம்.ஆஃப்டர் வைத்தால், வினாடிக்கு ஆயிரம் செய்திகள் வரும் சர்வரில் ஆறு லட்சம் டைமர்கள் எப்போதும் தேங்கி நிற்கும். மேலும், சேனலுக்கு ஓரிட பஃபர் இருந்ததால், ஸ்டாப் அல்லது ரீசெட்டுக்குப் பிறகும் பழைய மதிப்பொன்று அதற்குள் தங்கியிருக்கக்கூடும். அதை வடித்து வெளியேற்றும் வரிகளைப் பல நிரல்களில் காணலாம். 2024 ஆகஸ்டில் வந்த 1.23 இவ்விரண்டையும் தீர்த்தது. யாரும் சுட்டாத டைமர் நிறுத்தப்படாவிட்டாலும் குப்பை சேகரிப்பில் நீங்கிவிடும். ஸ்டாப் அல்லது ரீசெட் திரும்பிய பிறகு பழைய மதிப்பு வராது. ஆனால் முதன்மை மாட்யூலின் கோ.மாட் கோப்பில் குறிக்கப்பட்ட கோ பதிப்பு 1.23 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் புதிய நடத்தை செயல்படும். கம்பைலரை மட்டும் புதுப்பித்துவிட்டு அந்த வரியை 1.20 என்றே விட்டு வைத்தவர்களுக்குப் பழைய நடத்தையே தொடரும்.

பேமெண்ட் கேட்வேயின் பதிலுக்கோ தரவுத்தளத்தின் பதிலுக்கோ காலக்கெடு வைப்பதாக இருந்தால் செலக்டைக் கையால் எழுதத் தேவையில்லை. காலக்கெடுவையும் ரத்தையும் அழைப்புகளோடு கடத்தும் கான்டெக்ஸ்ட் பேக்கேஜின் வித்டைம்அவுட்டைப் பயன்படுத்தினால், அழைப்புச் சங்கிலி முழுவதும் ஒரே காலக்கெடு பரவும். உள்ளே உருவாக்கும் கான்டெக்ஸ்ட் வெளியே உள்ளதன் கெடுவைத் தாண்டவும் முடியாது. அது தரும் கேன்சல் ஃபங்ஷனை, சுற்றியுள்ள ஃபங்ஷன் முடியும்போது இயங்கும் டிஃபர் மூலம் கட்டாயம் அழைக்க வேண்டும். 1.21 முதல் கான்டெக்ஸ்டிலும் ஓர் ஆஃப்டர்ஃபங்க் உண்டு. அது கால அளவைப் பெறுவதில்லை, கான்டெக்ஸ்ட் முடிவுற்றதும் ஃபங்ஷனை இயக்குகிறது.

ஏழாம் படி: டிக்கர்

திரும்பத் திரும்ப நிகழ வேண்டிய வேலைக்கு நியூடிக்கர். முதல் துடிப்பு உடனே வராது, ஓர் இடைவெளி கழிந்த பிறகே வரும். பெறுபவர் மெதுவாக இருந்தால் துடிப்புகள் சேர்ந்துகொண்டே போவதில்லை, விடப்படுகின்றன. பெரும்பாலான வேலைகளுக்கு அதுவே விரும்பத்தக்கது. டிக்கரின் ஸ்டாப் சேனலை மூடுவதில்லை என்பதால், ரேஞ்ச் மூலம் அதைப் படிக்கும் சுழல் நிறுத்திய பிறகும் முடியாமல் தொங்கி நிற்கும்; முடிவைத் தெரிவிக்கும் வேறொரு சேனலையும் சேர்த்துச் செலக்டில் வைக்க வேண்டும். இடைவெளி பூச்சியமாகவோ எதிர்மமாகவோ இருந்தால் நியூடிக்கர் பேனிக் செய்யும். ஆகவே அமைப்புக் கோப்பிலிருந்து வரும் மதிப்பை முன்பே சரிபார்க்க வேண்டும்.

எட்டாம் படி: எந்தக் கடிகாரம்

2017 ஜனவரி 1 அன்று, சர்வதேச நேரப்படி நள்ளிரவில், கடிகாரத்தைப் பூமியின் சுழற்சியோடு பொருத்தக் கூட்டப்படும் ஒரு லீப் வினாடி சேர்க்கப்பட்டது. அப்போது இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேரின், தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் மென்பொருளில், இரு நேரங்களைக் கழித்துக் கிடைத்த கால அளவு எதிர்ம எண்ணாகி, அது போய்ச் சேர்ந்த இடத்தில் பேனிக் ஏற்பட்டது. அந்த மென்பொருள் கோ மொழியில் எழுதப்பட்டது; நேரம் பின்னோக்கிச் செல்லாது என்ற அனுமானமே பிழையின் வேர். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 1.9 பதிப்பு முதல், டைம்.நவ் தரும் மதிப்புக்குள் சுவர்க் கடிகார நேரத்தோடு, பின்னோக்கிச் செல்லாத மோனோடோனிக் அளவும் சேர்ந்தே இருக்கிறது. கழித்தலும் ஒப்பிடுதலும் இரு மதிப்புகளிலும் அது இருந்தால் அதையே பயன்படுத்துகின்றன.

இந்த அளவு உதிர்ந்துபோகும் இடங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். யூடிசி, லோக்கல், இன் ஆகிய மெத்தடுகள் அதை நீக்கிவிடுகின்றன. ஜேசன் என்ற உரை வடிவிலோ தரவுத்தளத்திலோ எழுதிப் படித்தாலும் அது திரும்பி வராது. ஆகவே நிறுத்திவைப்பின் காலாவதியைத் தரவுத்தளத்தில் சேமிக்கும் கணத்திலிருந்து நாம் சுவர்க் கடிகாரத்தையே நம்பியிருக்கிறோம்.

தினமும் காலை 6 மணிக்கு ஒரு ஃபங்ஷனை அழைப்பது வேறு வகைத் தேவை. அதற்கு 24 மணி நேர டிக்கர் வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் அடுத்த நாளின் 6 மணியை உரிய நேர மண்டலத்தில் கணக்கிட்டு, அதுவரை உள்ள காலத்துக்குப் புதிய டைமர் வைக்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் கோடைகால நேரமாற்றம் இல்லாததால் இந்தப் பிழை இங்கே வெளிப்படாமலே இருந்துவிடும்; லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ சேவை தரத் தொடங்கியதும் மார்ச் மாதத்தில் தலைகாட்டும்.

ஒன்பதாம் படி: சர்வர் மறுதொடங்கினால்

டைமர்கள் நினைவகத்தில் மட்டுமே வாழ்கின்றன. புதிய பதிப்பை நிறுவுவதற்காகச் சர்வரை நிறுத்தினால், காத்திருந்த எல்லா விடுவிப்புகளும் மறைந்து, நிறுத்திவைத்த இருக்கைகள் என்றென்றும் பூட்டியே கிடக்கும். எனவே இருக்கையின் நிலை, டோக்கன், காலாவதி நேரம் மூன்றையும் தரவுத்தளத்தில் எழுதி, சர்வர் தொடங்கும்போது காலாவதியானவற்றை விடுவித்து, மீதமுள்ளவற்றுக்கு மீதிக் காலத்துக்கான டைமர்களை வைக்க வேண்டும். நான்காம் படியில் லாக்குக்குள் செய்த சரிபார்ப்பு இங்கே அப்டேட் கட்டளையின் நிபந்தனையாக மாறுகிறது: நிலை நிறுத்திவைப்பாகவும் டோக்கன் பொருந்துவதாகவும் இருந்தால் மட்டுமே காலி என்று மாற்று. மாறிய வரிகளின் எண்ணிக்கை பூச்சியம் என்றால் வேறு யாரோ முந்திக்கொண்டார்கள் என்று பொருள். அது பிழை அல்ல.

பல சர்வர்கள் ஒரே தரவுத்தளத்தைப் பகிரும் நிலைக்கு வந்துவிட்டால், இருக்கைக்கு ஒரு டைமர் என்ற அமைப்பையே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. சில வினாடிகளுக்கு ஒருமுறை டிக்கர் மூலம் காலாவதியான வரிகளைத் தேடி விடுவிக்கும் ஒற்றைச் சுழல் எளிமையானது; மறுதொடக்கத்துக்கென்று தனி நிரலும் வேண்டியதில்லை. சில வினாடித் தாமதம் பயணிக்குத் தெரியப் போவதுமில்லை.

பத்தாம் படி: காத்திருக்காமல் சோதித்தல்

10 நிமிட விதியைச் சோதிக்க 10 நிமிடம் காத்திருக்க முடியாது. கால அளவை மாறியாக்கி, சோதனையில் மில்லிவினாடிகளாகக் குறைப்பது பழைய வழக்கம். அத்தகைய சோதனைகள் சுமை மிகுந்த எந்திரங்களில் காரணமின்றித் தோற்கும். 1.25 பதிப்பில் நிலைபெற்ற டெஸ்டிங் தொகுப்பின் சிங்க்டெஸ்ட் இதற்குச் சரியான விடை. அதற்குள் இயங்கும் கோரூட்டின்களுக்கு 2000 ஜனவரி 1 நள்ளிரவில் தொடங்கும் ஒரு போலிக் கடிகாரம் கிடைக்கிறது. எல்லாக் கோரூட்டின்களும் காத்திருக்கும் நிலைக்கு வந்ததும், அடுத்த டைமரின் நேரத்துக்குக் கடிகாரம் தாவிவிடுகிறது. மியூட்டெக்ஸுக்காகக் காத்திருப்பது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. சேனல், ஸ்லீப் முதலியவற்றில் காத்திருப்பதே சேரும். இருக்கையை நிறுத்திவைத்து, 9 நிமிடம் 59 வினாடி ஸ்லீப் செய்து, நிலை மாறவில்லை என்று பார்த்து, மேலும் ஒரு வினாடி ஸ்லீப் செய்து, சிங்க்டெஸ்டின் வெயிட்டை அழைத்த பிறகு நிலை காலியாகியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

விளிம்பு மோதலைச் சோதிக்க அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை. முதல் பயணிக்கு நிறுத்திவைத்து அவருடைய டோக்கனைக் குறித்துக்கொள்ளுங்கள், ரத்து செய்யுங்கள், இரண்டாம் பயணிக்கு நிறுத்திவையுங்கள், பிறகு பழைய டோக்கனோடு விடுவிக்கும் ஃபங்ஷனைச் சோதனையிலிருந்து நேரடியாக அழையுங்கள். இருக்கை இரண்டாம் பயணியிடமே இருக்க வேண்டும். விற்ற இருக்கைக்கும் இதே போல ஒரு சோதனை எழுதுங்கள். இவ்விரண்டையும் ரேஸ் டிடெக்டரிடம் விட்டுவிட முடியாது. அது லாக் இல்லாமல் நினைவகத்தைத் தொடுவதை மட்டுமே கண்டுபிடிக்கும், லாக்கை முறையாக எடுத்துக்கொண்டு தவறான பயணியின் இருக்கையை விடுவிக்கும் நிரலைப் பற்றி எதுவும் சொல்லாது.